வழுக்காத தரை

என் ஓரகத்தியை ஊரில் எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். காலியாகக் கிடக்கும் வீடுகளின் சாவியெல்லாம் அவள் கைப்பைக்குள் இருக்கும். அவள் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுக்குச் சத்தம் கேட்டுவிடும். ஒரே வீடு, அவள் கீழே, நான் மாடியில். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. அவள் எனக்குப் பல வருஷம் மூத்தவள் என்பதால் எனக்கும் அவள் அக்காதான்.

அவளால் எதையும் கேட்காமல், திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரம் ஆளைக் காணவில்லை என்று தேடினோம். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"உள்ளே என்ன அக்கா?"

"விளக்குமாறு" என்றாள், பெரிய விஷயம் தெரிந்துகொண்ட திருப்தியோடு.

அவள் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். "இவளை ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாத நாலு விஷயம் இவளுக்குத் தெரிஞ்சுடும்" என்பார். பெருமையா, சலிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது.

தொழிலில் அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. ஓதம் ஏறின சுவரில் காலண்டரை மாட்டச் சொல்லுவாள். ஆட்கள் வீடு பார்க்க வருவதற்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைப்பாள். தண்ணீர் வராத குழாய்ப் பக்கம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவாள். வேறு தரகர் யாராவது இதையே செய்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "காலண்டரை இடுப்பு உயரத்துல எவனாவது மாட்டுவானா? மறைக்கிறதையாவது ஒழுங்கா மறைக்க வேண்டாமா?"

அந்த வருஷம் வேறொரு ஊரில், விசாரணைக்கென்று கூட்டிப்போன ஓர் ஆள் லாக்கப்பிலேயே செத்துப்போனார். ஊரெல்லாம் கொதித்தது. காவலில் இருப்பவர்களைச் சித்திரவதை செய்யாமல் பார்த்துக்கொள்வோம் என்று நம் நாடு எப்போதோ உலக நாடுகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது அவசரமாக ஒரு சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பார்வையாளர் குழு. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், பொதுமக்களில் ஒருவர். சொல்லாமல் கொள்ளாமல் எந்த லாக்கப்புக்குள்ளும் போகலாம், எந்த அறையையும் திறந்து பார்க்கலாம், உள்ளே இருப்பவரோடு தனியாகப் பேசலாம்.

எங்கள் மாவட்டக் குழுவுக்கு வந்த வக்கீலம்மா, அக்கா மூலமாகத்தான் வீடு பிடித்திருந்தார். வீடு பார்த்த நாட்களில் வக்கீல் கேட்ட கேள்விகளைவிட அக்கா வக்கீலைக் கேட்ட கேள்விகள்தான் அதிகம். பால் காய்ச்சிக் குடிபோன மறுநாளே அவர் கூப்பிட்டார்.

"பொதுமக்கள்ல ஒருத்தர் வேணும். சம்பளம் கிடையாது, வண்டிச் செலவு மட்டும் குடுப்பாங்க. வர்றீங்களா?"

வீட்டில் பெரிய ரகளை. "ஸ்டேஷன் வாசலை மிதிக்கிற நிலைமை வரக்கூடாதுன்னு எல்லாரும் கும்பிடறாங்க. நீ கும்பிட்டுக்கிட்டே உள்ள போறேங்கறே" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"உள்ள எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"வேண்டாம்!"

"எனக்கு வேணுமே" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் ஸ்டேஷனுக்குப் போனபோது, பழக்கதோஷம், லாக்கப்புக்குள் நின்றுகொண்டு வீடு பார்க்கிற மாதிரியே கேட்டிருக்கிறாள். தண்ணி எத்தனை மணிக்கு வரும், மழை பெஞ்சா எந்தப் பக்கம் ஒழுகும், வெயில் நேரத்தில் காத்து உள்ள வருதா. அங்கிருந்த இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, வாடகைக்கு எடுக்கப் போறீங்களா?"

"நீங்க எப்போ காலி பண்றீங்கன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் நான் துணி காயப்போடுகிற இடத்துக்கே வந்துவிட்டாள். ஆள் பெயரையும் அடையாளத்தையும் மட்டும் வாயைப் பிடுங்கினாலும் சொல்ல மாட்டாள். மற்றதெல்லாம் சொல்லுவாள். அன்றைக்கு அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நான் நினைச்ச மாதிரி இல்லடி. பாய் இருக்கு, போர்வை இருக்கு, குடிக்கத் தண்ணி இருக்கு. வீட்டுக்கு உடனே போன் பண்ண உரிமை இருக்குன்னு சுவத்துல கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்தா பொம்பளைப் போலீஸ் கூட இருக்கணுமாம், இருக்காங்க. கேமரா வேற. பத்து வருஷத்துக்கு முன்னாடி இதுல ஒண்ணுகூட இல்லைன்னு டாக்டர் சொல்றாரு."

"அப்போ யாரையும் அடிக்கிறதில்லையா?"

"கேட்டா இல்லைங்கறாங்க."

"யாரைக் கேட்டே?"

"எல்லாரையும்தான்" என்றாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். ஈரத் துண்டு என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மார்க்கெட் ரோடு ஸ்டேஷனில்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. ஒருமுறை போனபோது அங்கே ஒரு சுமைதூக்குகிறவர், மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்திருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். பிறகு போனபோது வயதான ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அவரும் பாத்ரூமில் விழுந்தவர். அதற்கடுத்த முறை மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிற ஒரு மெக்கானிக். ஏதோ கடைத் திருட்டு என்று சந்தேகத்தில் கூட்டிவந்திருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், பாதம் தரையில் படாமல். டாக்டர் போலீஸ்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. உள்ளங்கால் இரண்டும் நீலம் பாரித்து வீங்கியிருந்தன.

"எப்படி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

"வழுக்கி விழுந்தா உள்ளங்கால்ல எப்படி அடிபடும்?"

"அது... வழுக்கும்போது..." அவன் கண் கதவிலேயே இருந்தது.

அக்கா மெல்ல வெளியே வந்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். "அது ஆம்பளைங்க பாத்ரூம் மேடம், அங்க எதுக்கு?" என்றார் ஒரு கான்ஸ்டபிள். எந்த அறையையும் பார்க்கலாம் என்று சட்டத்தில் இருப்பதை வக்கீலம்மா அவருக்கு நிதானமாகச் சொன்னார்.

பழைய கட்டடம். தரையில் கொத்துப் போட்ட கருங்கல். உரல் மாதிரி சொரசொரவென்று இருந்ததாம். அக்கா செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி நடந்து பார்த்தாள். வழுக்கவில்லை. மாடத்தில் சோப்பு இருந்தது. அதை எடுத்துத் தரையில் தேய்த்தாள். மறுபடியும் நடந்தாள், திரும்பினாள், கொஞ்சம் ஓடியும் பார்த்தாள். வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்டேஷனே நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"விழப் பாக்கறேன் சார். முடியலை."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே அது புரியவில்லை. "உங்க ஆளுங்களும் இதே பாத்ரூம்தானே சார்? அவங்கள்ல யாராவது விழுந்திருக்காங்களா?"

"அவங்களுக்குப் பழக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

குழு அறிக்கை எழுதியது. மெக்கானிக்கின் கால், சுமைக்காரரின் கை பற்றி டாக்டர் எழுதினார். சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று வக்கீலம்மா எழுதினார். அக்கா ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னாள்: இந்தத் தரையில் எப்படி விழ முடியும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மாதங்கள் கழித்துத் துறையிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கீழ்வீட்டில் இருந்தோம். அக்கா வாய்விட்டுப் படித்தாள். குழுவின் மேலான கவலையைக் கருத்தில் கொண்டு, மாவட்டத்தின் அனைத்துக் காவல் நிலையக் கழிவறைகளிலும் வழுக்காத ஓடுகள் பதிக்கவும், சுவரில் கைப்பிடிகள் பொருத்தவும் உத்தரவிடப்பட்டுள்ளது.

அவள் வீட்டுக்காரர், அதிகம் பேசாத அந்த மனிதர், கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். "உன்னால ஊருக்கெல்லாம் டைல்ஸ் வந்துடுச்சு!"

அக்கா சிரிக்கவில்லை. "நான் வழுக்கலைன்னு சொன்னேன். வழுக்குதுன்னு தப்பாப் படிச்சிருக்காங்களே" என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் சொன்னதை எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பாப் படிக்கலைங்க. சரியாப் படிச்சுட்டுத்தான் இப்படி எழுதியிருக்காங்க."

நாடு முழுவதற்குமான ஆண்டறிக்கை வெளியானபோது, காவல் நிலையங்களில் ஏற்பட்ட முன்னேற்றம் என்ற தலைப்பில் அந்த ஓடுகளும் இருந்தன. அடுத்த முறை மார்க்கெட் ரோடு ஸ்டேஷனுக்குப் போனபோது பாத்ரூம் நீல ஓடும் பளபளக்கும் கைப்பிடியுமாக இருந்தது. லாக்கப்பில் தோளைத் தூக்க முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சுப்பா?"

"படிக்கட்டுல விழுந்துட்டேன்."

அந்த ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அந்த ஸ்டேஷனின் பெண் ரைட்டர் நின்றிருந்தார். ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் அவர் கையில்தான். சீருடை இல்லாமல், காய்கறிப் பையோடு நின்றார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வேவு பார்ப்பதாக நினைத்துவிடுவாரோ என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம்: "நான் எழுதறதுக்காகக் கேக்கலை. எனக்குப் புரியலை, அதான் கேக்கறேன். ஏன் அடிக்கறாங்க? அவ்வளவு கோபமா?"

ரைட்டரம்மா காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கோபம் இல்லைங்க. அவசரம். காலையில ஒரு கடையில திருட்டுன்னா, சாயங்காலம் மேலேயிருந்து போன் வரும், யாருன்னு தெரிஞ்சுதான்னு. கைரேகை எடுக்கற ஆள் மாவட்டத்துக்கே ஒருத்தர். அவர் வந்து எடுத்துட்டுப் போனா ரிசல்ட்டு எப்போ வரும்னு அவருக்கே தெரியாது. அடிச்சா இருட்டறதுக்குள்ள யாராவது ஒத்துக்குவான்."

"அவன்தான் எடுத்தானா?"

"அதை யாரும் கேக்கறதில்லைங்க."

அடிக்காமல் விசாரிப்பது எப்படி என்று பயிற்சிப் பள்ளியில் அவர்களுக்கு வகுப்பு எடுத்தார்களாம். நன்றாகத்தான் இருந்ததாம். ஆளைப் பேசவிட வேண்டும், குறுக்கே பேசக்கூடாது, சொன்னதைச் சரிபார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் கேட்டாராம், "சொன்னதைச் சரிபாக்க உனக்கு வண்டி குடுத்தாங்களா?" பஸ் வந்தது. ரைட்டரம்மா ஏறும்போது திரும்பி, "நான் அடிச்சதில்லைங்க" என்றார். பிறகு, "கதவைச் சாத்தச் சொன்னா சாத்தியிருக்கேன்" என்றார்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் கோபத்தைக் காணோம். ஏதோ ஒரு வீட்டின் வயரிங் முழுவதையும் சுவரைப் பெயர்த்துப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தாள். "இவ்வளவுதானாடி? கைரேகைக்கு ஆள் இல்லை, அதனால உள்ளங்கால்ல அடின்னு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கொஞ்ச நாளில் அந்த மெக்கானிக்கே அவளைத் தேடி வந்தான். வீடு வேண்டும் என்றுதான் வந்தான். கடையில் திருடியது முதலாளியின் மச்சான் என்று தெரிந்து இவனை விட்டுவிட்டிருந்தார்கள். ஆனால் பழைய வீட்டுக்காரர், போலீஸ் வந்து போன வீடு என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். பெண்டாட்டியோடு வந்தான். அக்காவை அவன் அடையாளம் கண்டுகொண்டானா இல்லையா என்று தெரியவில்லை. அவள் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டாள்.

முதல் வீடு மாடியில். அவன் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று பெண்டாட்டியை அனுப்பினான். "தரையோட இருக்கற வீடா இருந்தா பரவாயில்லைக்கா."

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுடி, முழுங்கிட்டேன்" என்றாள். அதற்கடுத்துக் காட்டியது பின்கட்டில் ஒரு தனி வீடு, ஓர் அறை, ஒரு சமையலறை, மல்லாக்கப் படுத்தால் ஆகாயம் தெரிகிற ஒரு சின்ன முற்றம். அவன் பாத்ரூம் கதவைத் திறந்தான். உள்ளே பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, அன்னிக்கு நீங்க தண்ணி ஊத்தி நடந்தீங்கல்ல? எனக்கு எல்லாம் கேட்டுச்சு. விழ முடியலைன்னு சொன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"நான் அந்த பாத்ரூமுக்குப் போகவே இல்லைக்கா. ரெண்டு நாள் விடவே இல்லை. கெஞ்சிப் பாத்தேன். எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

பெண்டாட்டி முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவால் இதற்கு மேல் முடியவில்லை. "பின்னே ஏம்பா டாக்டர்கிட்ட சொல்லலை? தனியாத்தானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"நீங்க மூணு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் அங்கேயேதானே இருக்கணும்?"

காலி வீட்டின் வெறும் தரையில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். எத்தனை ஸ்டேஷன், எத்தனை கேள்வி, எல்லோரையும் கேட்டோமே என்று நினைத்திருந்தாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்த பிறகு என்ன நடக்கும் என்று ஒரு நாளும் அவள் யோசிக்கவில்லை. சட்டத்தை எழுதியவர்களும் யோசிக்கவில்லை.

டாக்டரிடமும் வக்கீலம்மாவிடமும் இதைச் சொன்னாள். அதற்குப் பிறகு குழு தன் வழக்கத்தை மாற்றியது. யாரோடு பேசினார்களோ அவர்களை மறுநாளே மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். விடுதலையானவர்கள் விரும்பினால் வெளியே சந்தித்தார்கள்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று மெக்கானிக் வீட்டில் பல நாள் பேச்சு நடந்தது. முடிவு செய்தவள் பெண்டாட்டிதான். வக்கீலம்மாவிடம் அவள் ஒரே கேள்வி கேட்டாள். "புகார் குடுத்தா என்ன ஆகும்?"

"உண்மையைச் சொல்லணும்னா, தெரியாது."

"தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்று அவள் புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாளாம்.

போலீஸ் மேல் புகார் என்றால் அந்தப் பகுதிப் போலீஸ் அதிகாரியிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வக்கீலம்மா சுற்றி வளைத்து நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனார். சித்திரவதை என்று ஒரு குற்றமே நம் சட்டப் புத்தகத்தில் இல்லை என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. நாடு கையெழுத்துப் போட்டது, குழு போட்டது, ஓடு போட்டது. குற்றத்துக்குப் பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. தெருச்சண்டையில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டால் என்ன பிரிவோ அதே பிரிவில்தான் வழக்கு.

டாக்டர் எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது. கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரை இடைநீக்கம் செய்தார்கள்; சில மாதத்தில் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். இன்ஸ்பெக்டரை மாற்றினார்கள். எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்த அக்கா மாடிப்படியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். அவரைப் போட்டது போலீஸ் பயிற்சிப் பள்ளியில். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த வழக்கில் மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவை மேல் கோர்ட் எடுத்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பியது. லாக்கப்புக்குள் கொண்டு வரும்போதும் வெளியே விடும்போதும் டாக்டர் பார்க்க வேண்டும். அப்போது போலீஸ் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சில ஊர்களில் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொள்கிறார்களாம். பெரும்பாலான ஊர்களில் சாத்துகிறார்கள்.

"அடிக்கறது குறைஞ்சிருக்கா டாக்டர்?" என்று அக்கா ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"நம்ம கண்ணுல படறது குறைஞ்சிருக்கு" என்றார் அவர். "ரெண்டும் ஒண்ணான்னு தெரியலை."

குழுவில் அக்காவின் காலம் முடிந்தபோது, போதும் என்று சொல்லுவாள் என்று நினைத்தோம். அவள் வீட்டுக்காரர்தான், "இன்னும் பாக்காத ஸ்டேஷன் நாலைஞ்சு இருக்குன்னு சொன்னியே" என்று எடுத்துக் கொடுத்தார். இப்போது இரண்டாவது முறை போய்க்கொண்டிருக்கிறாள்.

நேற்று மார்க்கெட் ரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். புது இன்ஸ்பெக்டர், இளவயது. லாக்கப்பில் ஒரு பெண், பஸ்ஸில் பர்ஸ் எடுத்ததாகப் பிடித்து வந்திருந்தார்கள். டாக்டர் பார்த்தார், உடம்பில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் போன் பேசவிட்டிருக்கிறார்கள், சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அக்கா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தாங்களா, கத்தினாங்களா, நிக்க வச்சாங்களா, தூங்கவிட்டாங்களா, பாத்ரூம் போகவிட்டாங்களா. கடைசியில் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாளாம்.

"எத்தனை தடவைதான் கேப்பீங்க? யாரும் தொடலைன்னு சொல்றேன்ல! உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

இதைச் சொல்லிவிட்டு அக்கா மொட்டைமாடியில் அப்படிச் சிரித்தாள். அவளை யாரும் இப்படித் திட்டி, அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில மறுபடியும் போறேன்."

"எதுக்கு? அதான் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டாளே?"

"இன்னிக்குத் திட்டின மாதிரியே திட்டறாளான்னு பாக்கணும்" என்றாள்.